பிசியா கன்சோலா: டெராஃப்ளாப் கணக்கை ஓரம் வைத்துவிட்டுப் பேசுவோமா?

மவுஸ்பிடி:

இந்தச் சண்டை எங்கே தொடங்கினாலும் முதல் நாலு பதிவுக்குள் யாராவது டெராஃப்ளாப் கணக்கை, அதாவது கிராபிக்ஸ் சிப் நொடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்குப் போடும் என்ற எண்ணை, எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 12, சோனியின் பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) 10.28, என் கிராபிக்ஸ் கார்டு இத்தனை, உன் கார்டு அத்தனை. 2020 நவம்பரில் அந்த இரண்டு பெட்டியும் வந்தபோது இந்த இரண்டு எண்ணை வைத்து மாதக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள். அப்புறம் கேம்கள் வந்து பார்த்தால், பலவற்றில் வித்தியாசம் கண்டுபிடிக்கப் படத்தை நிறுத்தி, பெரிதாக்கி, ஓரத்தில் இருக்கும் புல்லை எண்ண வேண்டியிருந்தது. பிசி ஆட்கள் மட்டும் சளைத்தவர்களா? கேமைப் பார்ப்பதைவிட மூலையில் ஓடும் ஃபிரேம் எண்ணை (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கை) அதிகம் பார்க்கிறவர்கள் நம் பக்கம் நிறைய.

நான் பிசிக்காரன். கன்சோலும் வீட்டில் உண்டு, அதிலும் விளையாடுகிறேன். பிசியை விடாமல் இருப்பதற்குக் காரணம் கிராபிக்ஸ் இல்லை. என் கேம் எப்படி ஓட வேண்டும் என்று முடிவெடுக்கிற உரிமை பிசியில் என் கையில் இருக்கிறது, கன்சோலில் அது பெட்டியைச் செய்த நிறுவனத்தின் கையில் இருக்கிறது. எனக்கு விஷயம் அவ்வளவுதான், மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

உதாரணத்துக்கு பிளட்போர்ன் என்ற கேம். 2015-இல் பிஎஸ்4-க்கு வந்தது, 30 ஃபிரேமில் ஓடியது. இன்றைக்கு அதே டிஸ்கை பிஎஸ்5-இல் போட்டாலும் 30 ஃபிரேம்தான். பெட்டிக்குப் பல மடங்கு சக்தி கூடிவிட்டது, ஆனால் நிறுவனம் ஒரு பேட்ச் (திருத்த நிரல்) போட்டால்தான் அந்தச் சக்தி அந்த கேமுக்குக் கிடைக்கும், போடவில்லை, அதனால் கிடைக்கவில்லை. பிசியில் டார்க் சோல்ஸுக்கு நடந்ததைப் பாருங்கள். 2012-இல் வந்த பிசி பதிப்பு படுமோசம், நீங்கள் எந்த ரெசல்யூஷனைத் தேர்ந்தெடுத்தாலும் உள்ளே 1024x720-இல்தான் வரையும், பிறகு அதை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும். வெளியான உடனேயே ஒரு ரசிகர் டிஎஸ்ஃபிக்ஸ் என்று ஒரு மாட் (கேமை மாற்றும் ரசிகர் நிரல்) எழுதிப் போட்டார், படம் தெளிவாகிவிட்டது. நிறுவனம் செய்யவில்லை, ஒரு தனி ஆள் செய்தார், யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

ஆன்லைனில் விளையாட மாதச் சந்தா கிடையாது என்பது இன்னொன்று. பிஎஸ்3 காலத்தில் ஆன்லைன் இலவசமாக இருந்தது, 2013-இல் பிஎஸ்4 வந்தபோது அதற்குப் பணம் கேட்க ஆரம்பித்தார்கள். நான் ஏற்கெனவே கட்டிவிட்ட இணையக் கட்டணத்துக்கு மேல் இன்னொரு கட்டணம் ஏன் என்று யாரும் எனக்கு ஒழுங்காக விளக்கியதில்லை.

சரி, இப்போது அடிக்க வாருங்கள்.

சோபாவாசி:

அடிக்க வரவில்லை தல, வேலை முடிந்து வருகிறவனுக்கு அதற்குத் தெம்பில்லை. ஒரே ஒரு கேள்வி. முடிவெடுக்கும் உரிமை என் கையில் இருக்கிறது என்கிறீர்கள். எனக்கு அந்த உரிமை வேண்டாமே? நாள் முழுக்க ஆபீஸில் முடிவெடுத்துவிட்டு வருகிறேன், ராத்திரியும் உட்கார்ந்து நிழல் எவ்வளவு தரத்தில் இருக்க வேண்டும், மூடுபனி எவ்வளவு தரத்தில் இருக்க வேண்டும் என்று நான் ஏன் தீர்மானிக்க வேண்டும்?

என் கன்சோலில் பட்டனை அமுக்கினால், நேற்று எந்தப் பாறைக்குப் பின்னால் ஒளிந்திருந்தேனோ அதே பாறைக்குப் பின்னால் சில நொடிகளில் நிற்கிறேன். பிசியில் நான் கண்டது வேறு: விண்டோஸ் அப்டேட், அது முடிந்தால் ஸ்டீம் என்ற பிசி கேம் கடையின் அப்டேட், ஸ்டீமில் கேமை அமுக்கினால் அதற்குள்ளிருந்து இன்னொரு லாஞ்சர் (கேமைத் தொடங்கிவைக்கும் நிரல்) எழுந்து வந்து பாஸ்வேர்டு கேட்கும், அதைப் போட்டால் மெயிலில் ஒரு எண் வந்திருக்கிறது பார் என்னும். மெயிலைத் திறந்தால் ஆபீஸ் மெயில் கண்ணில் படும். அன்றைய விளையாட்டு அதோடு சரி.

மவுஸ்பிடி:

லாஞ்சருக்குள் லாஞ்சர் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நானும். காசு கொடுத்து வாங்கிய தனி ஆள் கேமுக்குக் கணக்கு திறக்கச் சொல்வது அராஜகம். 2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2-இல் பிசிக்காரர்களும் பிஎஸ்என் என்ற பிளேஸ்டேஷன் ஆன்லைன் சேவையின் கணக்கை இணைத்தே ஆக வேண்டும் என்று சோனி சொன்னபோது, அந்தச் சேவையே இல்லாத நாடுகளிலும் கேமை விற்றிருந்தார்கள். ஸ்டீமில் எதிர்மறை விமர்சனம் மலையாகக் குவிந்து சில நாட்களில் அந்த முடிவைத் திரும்பப் பெற்றார்கள்.

தூங்கவைத்து எழுப்புவதும் உண்மை. அது கன்சோல் பக்கம் இருக்கிற மிகப் பெரிய வசதி, பிசி ஆட்கள் அதைப் பேசவே மாட்டார்கள். கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே விண்டோஸைத் தூங்கவைத்தால், எழும்போது ஆன்லைன் இணைப்பு போயிருக்கும், சத்தம் வேறு ஸ்பீக்கரில் வரும், சில கேம் எழவே எழாது. ஸ்டீம் டெக் என்ற கையடக்கப் பிசி 2022-இல் வந்த பிறகுதான் பிசி கேமையும் ஒரு பட்டனில் தூங்கவைக்க முடியும் என்று பலருக்குத் தெரிந்தது, அதில் ஓடுவதும் விண்டோஸ் இல்லை, லினக்ஸ்.

ஃபிரேம்கணக்கு:

முதல் பதிவில் ஒரு குறை. ஃபிரேம் ரேட் என்றாலே கன்சோலில் 30, பிசியில் அதற்கு மேல் என்ற கணக்கு பழையது. இப்போது பல பெரிய கேம்களில் தரம், வேகம் என்று இரண்டு மோடு தருகிறார்கள், சிலவற்றில் மூன்றாவதாக 40 ஃபிரேம் மோடும் உண்டு. ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட்டில் அதை ஒரு அப்டேட்டில் சேர்த்தார்கள்.

40 என்றதும் அற்ப முன்னேற்றம் என்று சிரிக்காதீர்கள், கணக்குப் போடுங்கள். 30-இல் ஒரு ஃபிரேமுக்கு 33.3 மில்லிநொடி, 60-இல் 16.7. இரண்டுக்கும் சரிபாதி 25 மில்லிநொடி, அதாவது 40 ஃபிரேம். எண்ணைப் பார்த்தால் 45 தான் நடு என்று தோன்றும், நேரத்தைப் பார்த்தால் 40 தான் நடு. நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும் 120 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேம் சரியாக மூன்று புதுப்பித்தல் நிற்கும், அதனால் இடறல் இருக்காது. 60 ஹெர்ட்ஸ் டிவியில் இது சரியாகப் பொருந்தாது, அதனால்தான் அந்த மோடுக்கு 120 ஹெர்ட்ஸ் டிவி வேண்டும் என்கிறார்கள்.

பிசியில் இதை நீங்களே செய்துகொள்ளலாம் என்பது வேறு விஷயம். ஃபிரேமை 40-இல் பூட்டிவிட்டு, மிச்சமாகும் சக்தியை ரே டிரேசிங்குக்கு (வெளிச்சத்தையும் நிழலையும் நிஜம்போல் வரையும் முறைக்கு) கொடுக்கலாம். ஆனால் பிசியில் 40 ஃபிரேம் என்று சொன்னால் உடனே கார்டை மாற்று என்பார்கள், அதே 40-ஐக் கன்சோலில் தந்தால் கைதட்டுவார்கள்.

நள்ளிரவுலாபி:

போட்டி கேம் விளையாடுகிறவர்களை விட்டுவிட்டீர்களே. எனக்கு மவுஸ் இல்லாமல் கை ஓடாது. கன்ட்ரோலரில் கட்டைவிரல் நகரும் தூரம் எவ்வளவு? மவுஸில் முழங்கையே நகர்கிறது. அதைச் சமன்செய்யத்தான் கன்சோலில் குறியுதவி வைக்கிறார்கள், குறி எதிரிக்குக் கிட்டே போனதும் மெதுவாகி ஒட்டிக்கொள்ளும். இரண்டு தரப்பையும் ஒரே லாபியில் விடும்போதுதான் பஞ்சாயத்து: கன்சோல் ஆட்கள் மவுஸைத் திட்டுவார்கள், பிசி ஆட்கள் குறியுதவியைத் திட்டுவார்கள், தோற்றவர் சொல்வது எப்போதும் நியாயமாகவே இருக்கும்.

ஆனால் ஏமாற்றுக்காரர்கள் விஷயத்தில் பிசிக்காரர்கள் தலைகுனிந்துதான் ஆக வேண்டும். சுவருக்குப் பின்னால் பார்க்கிறவன், தானாகக் குறிவைக்கிறவன், எல்லாம் பிசியில்தான் விளைகிறது. கதவு திறந்திருந்தால் மாட் எழுதுகிறவனும் வருவான், திருடனும் வருவான். அதைத் தடுக்க 2020-இல் வாலரன்ட் கேமோடு வந்த வான்கார்டு என்ற ஏமாற்றுத் தடுப்பு நிரல், கம்ப்யூட்டர் தொடங்கும்போதே கெர்னல் மட்டத்தில், அதாவது விண்டோஸின் மையத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஒரு கேமுக்காக என் கம்ப்யூட்டரின் அடிமடியில் ஒரு காவல்காரன். மவுஸ்பிடி சொல்லும் உரிமை அங்கே எங்கே போனது?

மவுஸ்பிடி:

நல்ல கேள்வி. அந்த வகை கேமை நான் நிறுவுவதில்லை, அதனால் தப்பித்துக்கொள்கிறேன், உங்களுக்கு அது பதில் ஆகாது. போட்டி கேம்களில் பிசியின் சுதந்திரம் ஒரு பக்கம், நேர்மையான ஆட்டம் இன்னொரு பக்கம், இரண்டும் சேர்ந்து வருவதில்லை. கன்சோலில் ஏமாற்றுவது அபூர்வம் என்றால் அதற்குக் காரணம் அந்தப் பூட்டுதான். ஆனால் கன்சோலில் மவுஸைச் செருகி, அதைக் கன்ட்ரோலர் என்று பெட்டியை நம்பவைக்கும் சின்ன அடாப்டர்கள் விற்கிறதே, அதையும் கணக்கில் எடுங்கள்.

வட்டுப்பெட்டி:

இரண்டு தரப்புக்கும் பொதுவான எதிரி நான். டிஸ்க் வாங்கி அலமாரியில் அடுக்குகிறவன்.

மவுஸ்பிடிக்கு: உரிமை, உரிமை என்கிறீர்களே, ஸ்டீமில் நீங்கள் வாங்கியதில் எது உங்களுடையது? விளையாடும் அனுமதியைத்தான் வாங்குகிறீர்கள், அதை விற்க முடியாது, கேமை மட்டும் எடுத்து நண்பனுக்குக் கொடுத்துவிட முடியாது, கணக்கு போனால் எல்லாம் போச்சு. நான் ஒரு கேமை முடித்துவிட்டு விற்கிறேன், அந்தக் காசில் அடுத்ததை வாங்குகிறேன். டிஸ்கை முதலில் கைவிட்டதே பிசிதான். 2004-இல் ஹாஃப் லைஃப் 2 கேமை டிஸ்கில் வாங்கினாலும் ஸ்டீமில் பதிவு செய்தால்தான் ஓடும் என்று ஆரம்பித்து வைத்தது ஸ்டீமை நடத்தும் உங்கள் வால்வ்.

பழைய கேம் ஓடும் என்ற பெருமையும் பாதி உண்மைதான். சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்புப் பூட்டு போட்ட பழைய பிசி டிஸ்குகளை விண்டோஸ் 10-இல் போட்டுப் பாருங்கள். அந்தப் பூட்டை இயக்கும் டிரைவரை மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புக் காரணம் சொல்லி விட்டுவிட்டது, டிஸ்க் கையில் இருந்தும் கேம் எழாது. என் பிஎஸ்2 டிஸ்க் பிஎஸ்2-இல் இன்றும் எழுகிறது.

கன்சோல் ஆட்களுக்கு: உங்கள் நிலத்தையும் அரித்துக்கொண்டிருக்கிறார்கள், கவனியுங்கள். 2024-இல் வந்த பிஎஸ்5 புரோவில் டிஸ்க் டிரைவே கிடையாது, தனியாக வாங்கிச் செருக வேண்டும். நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2-இல் சில கேம்களுக்குக் கார்ட்ரிட்ஜில் கேமே இல்லை, தரவிறக்கம் செய்ய ஒரு சாவி மட்டும்தான் இருக்கிறது. தன் பழைய பெட்டிகளான 3டிஎஸ், வீ யூ இரண்டின் ஆன்லைன் கடைகளை நின்டெண்டோ 2023 மார்ச்சில் மூடியது, அதன் பிறகு அங்கே புதிதாக எதையும் வாங்க முடியாது. பிஎஸ்3 கடையையும் 2021-இல் மூடுவதாகச் சோனி அறிவித்தது, கூச்சல் எழுந்த பிறகுதான் பின்வாங்கியது.

மவுஸ்பிடி:

டிஸ்கை விற்கும் வசதி பிசியில் இல்லை என்பது உண்மை, அதற்கு ஈடாக எதையும் காட்ட முடியாது. தள்ளுபடி விற்பனை கொஞ்சம் ஈடுகட்டும், அவ்வளவுதான். வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீமில் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்பது டிஸ்குக்கு மாற்று ஆகாது, ஆனால் கன்சோல் டிஜிட்டல் கடைகள் இவ்வளவு தாராளமாக இருப்பதில்லை.

பழைய கேம் விஷயத்தில் நீங்கள் சொன்ன சேஃப்டிஸ்க் உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன். அந்த கேம்களில் பல ஜிஓஜி என்ற ஆன்லைன் கடையில் பூட்டே இல்லாமல் கிடைக்கின்றன, கோப்பை இறக்கி ஹார்டு டிஸ்கில் வைத்துக்கொண்டால் கடை மூடினாலும் கவலையில்லை. அங்கே இல்லாதவற்றுக்கு ரசிகர்கள் பேட்ச் எழுதியிருப்பார்கள். உங்கள் பிஎஸ்2 எழுகிறது, சந்தோஷம், அதன் லென்ஸ் கண் மூடுகிற நாளில் என்ன செய்வீர்கள்? பிஎஸ்3-இன் செல் பிராசஸர் அவ்வளவு விநோதமானது என்பதால் பிஎஸ்3 டிஸ்க் பிஎஸ்4-இலும் ஓடாது, பிஎஸ்5-இலும் ஓடாது. எக்ஸ்பாக்ஸ் பரவாயில்லை, பழைய எக்ஸ்பாக்ஸ் 360-இன் கேம்கள் நூற்றுக்கணக்கில் இன்றைய பெட்டியிலும் ஓடுகின்றன, சிலவற்றுக்கு ஃபிரேமைக்கூட இரட்டிப்பாக்கினார்கள். அதற்கு மைக்ரோசாஃப்டைப் பாராட்ட வேண்டும். ஆனால் அந்தப் பட்டியலில் எது இருக்க வேண்டும் என்று முடிவெடுத்ததும் அவர்கள்தான், 2021 நவம்பரில் கடைசியாகச் சேர்த்துவிட்டுப் பட்டியலை மூடிவிட்டார்கள்.

தி க்ரூ என்ற கார் கேம் நினைவிருக்கிறதா? 2024 மார்ச் 31-இல் யூபிசாஃப்ட் சர்வரை அணைத்தது. தனி ஆளாக ஓட்டவும் சர்வர் தேவை என்பதால் பிசியிலும் கன்சோலிலும் ஒரே நாளில் செத்தது. பிறகு ரசிகர்கள் தாங்களே சர்வர் எழுதி அதைப் பிசியில் எழுப்பினார்கள். கன்சோல் டிஸ்க் வைத்திருப்பவரிடம் இருப்பது பளபளப்பான தட்டு.

வட்டுப்பெட்டி:

தட்டு என்றாலும் என் தட்டு.

லினக்ஸ்கிறுக்கன்:

யாராவது லினக்ஸ் என்று சொன்னால் நான் வந்துவிடுவேன் என்று தெரியும்தானே. விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்டிக்காட்டும் புரோட்டானை 2018-இல் வால்வ் விட்ட பிறகு விண்டோஸ் கேம்களில் பெரும்பகுதி லினக்ஸிலும் ஓடுகிறது. தடையாக இருப்பது கேம் இல்லை, மேலே நள்ளிரவுலாபி சொன்ன அந்தக் காவல்காரன்தான். ஃபோர்ட்நைட், வாலரன்ட் இரண்டும் இங்கே கிடையாது. மற்றபடி விண்டோஸ் இல்லாமல் பிசி கேமிங் முடியாது என்ற பேச்சு காலாவதி ஆகிவிட்டது.

சோபாவாசி:

எல்லாம் சரி, ஒரு விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. பிசி பதிப்புகள் ஏன் இவ்வளவு மோசமாக வருகின்றன? பேட்மேன்: ஆர்க்கம் நைட் 2015 ஜூனில் வந்து, தாங்க முடியாமல் பிசி விற்பனையையே நிறுத்தினார்கள். தி லாஸ்ட் ஆஃப் அஸ் பாகம் 1, 2023 மார்ச்சில் பிசிக்கு வந்தபோது கேம் தொடங்குவதற்கு முன்பே ஷேடர் கட்டுகிறேன் என்று ஒரு கோடு ஊர்ந்துகொண்டே இருந்தது. எல்டன் ரிங் புதிய பகுதிக்குள் நுழையும்போதெல்லாம் ஒரு குலுக்கு குலுக்கியது. என் நண்பன் என்னைவிடப் பல மடங்கு செலவழித்த பிசியில் அந்தக் குலுக்கலோடு விளையாடினான், நான் சோபாவில் நிம்மதியாக விளையாடினேன்.

மவுஸ்பிடி:

இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிசியை வேண்டாம் என்பதற்கு நியாயமான ஒரே தொழில்நுட்பக் காரணம் என்னைப் பொறுத்தவரை இதுதான்.

திரையில் தெரியும் ஒவ்வொரு பொருளுக்கும், அதன் மேல் வெளிச்சம் எப்படி விழ வேண்டும், நிறம் எப்படி மாற வேண்டும் என்று சொல்லும் சின்னச் சின்ன நிரல்கள் உண்டு, அவைதான் ஷேடர்கள். கிராபிக்ஸ் சிப்புக்குப் புரியும் மொழியில் அவற்றை மாற்ற வேண்டும். பிஎஸ்5-இல் எல்லோருக்கும் ஒரே சிப், அதனால் ஸ்டுடியோவிலேயே மாற்றி, தயாராகக் கேமோடு அனுப்பிவிடுவார்கள். பிசியில் உங்கள் கார்டு வேறு, என் கார்டு வேறு, டிரைவர் பதிப்பும் வேறு, ஆகவே உங்கள் வீட்டில், உங்கள் கம்ப்யூட்டரில்தான் மாற்ற முடியும். அதை முன்கூட்டியே செய்தால் அந்த ஊரும் கோடு. செய்யாமல் விட்டால், ஒரு நெருப்பு முதன்முதலாகத் திரையில் தோன்றும் நொடியில் செய்ய வேண்டியிருக்கும், அந்த ஒரு ஃபிரேம் 16 மில்லிநொடியில் முடிவதற்குப் பதில் 100, 200 என்று இழுத்துவிடும். அதுதான் குலுக்கல். இரண்டாம் முறை அதே நெருப்பு வந்தால் குலுக்காது, ஏனென்றால் மாற்றி வைத்தாயிற்று. கேமுக்கும் கார்டுக்கும் நடுவில் நிற்கும் மென்பொருளில் டைரக்ட்எக்ஸ் 12, வல்கன் வந்த பிறகு இந்தப் பொறுப்பு டிரைவர் எழுதுகிறவர்களிடமிருந்து கேம் எழுதுகிறவர்கள் தலைக்கு வந்தது, எல்லோரும் அதை ஒழுங்காகச் சுமக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால் எல்டன் ரிங்கின் அந்தக் குலுக்கல் ஸ்டீம் டெக்கில் வெகுவாகக் குறைந்தது. டெக்கிலும் எல்லோருக்கும் ஒரே சிப், அதனால் வால்வ் ஷேடர்களை முன்கூட்டியே மாற்றி, தரவிறக்கத்தோடு அனுப்பிவிட்டது; பெரிய குலுக்கல்களுக்குக் காரணமான நினைவகச் சிக்கலையும் தன் பக்கத்தில் சரிசெய்தது. கன்சோல் வழியைப் பிசி எடுத்துக்கொண்டதும் கன்சோலின் நிம்மதியும் கூடவே வந்துவிட்டது. அதிக சக்தியுள்ள கார்டை வாங்கினாலும் ஷேடர் குலுக்கல் முழுசாகப் போகாது என்பதைக் கடைக்காரர் யாரும் சொல்ல மாட்டார்.

அதோடு மோசமான பதிப்பு பிசிக்கு மட்டும் வருவதில்லை. 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 பிஎஸ்4-இல் எந்த நிலையில் வந்தது? சோனி தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டது, 2021 ஜூனில்தான் திரும்ப வந்தது. அதே நேரம் நல்ல பிசி வைத்திருந்தவர்கள் பிழைகளோடு என்றாலும் அந்த நகரத்தை அதன் முழு அழகில் பார்த்தார்கள்.

ஃபிரேம்கணக்கு:

எல்டன் ரிங்குக்கு இன்னொன்று. பிஎஸ்5-இல் விளையாடுகிறவர்கள் அதன் பிஎஸ்4 பதிப்பை நிறுவினால் 60 ஃபிரேம் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். கன்சோலிலும் செட்டிங்ஸ் விளையாட்டு உண்டு, மறைத்து வைத்திருக்கிறார்கள்.

புதுவரவு:

பெரியவர்கள் எல்லோரும் பேசிவிட்டீர்கள், எனக்கு ஒரு முடிவு சொல்லுங்கள். இதுவரை போனில்தான் விளையாடியிருக்கிறேன். முதல் தடவையாகப் பணம் சேர்த்திருக்கிறேன். நண்பர்கள் மூன்று பேரிடம் பிஎஸ்5 இருக்கிறது. கால்பந்து, கதை கேம்கள், ஜிடிஏ, இவைதான் ஆசை. பிசி வாங்கினால் படிப்புக்கும் ஆகும் என்று வீட்டில் சொல்கிறார்கள். ஏற்கெனவே ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது, எழுத்து வேலைக்குப் போதும்.

நள்ளிரவுலாபி:

படிப்புக்கும் ஆகும் என்று வீட்டில் சொல்ல வேண்டியவர் நீங்கள், அவர்களே சொல்கிறார்களா? கொடுத்து வைத்தவர்.

மவுஸ்பிடி:

கன்சோல் வாங்குங்கள்.

பிசிக்காரன் இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒன்று, நண்பர்கள் மூன்று பேர் ஒரே பக்கம். நண்பர்கள் இருக்கும் இடத்தில் விளையாடுவதைவிடப் பெரிய வசதி எந்தக் கார்டிலும் இல்லை. இரண்டு, ஜிடிஏ. அதைச் செய்யும் ராக்ஸ்டாரின் வழக்கம் தெரிந்ததுதான்: ஜிடிஏ 5 கன்சோலுக்கு 2013 செப்டம்பர், பிசிக்கு 2015 ஏப்ரல். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கன்சோலுக்கு 2018 அக்டோபர், பிசிக்கு 2019 நவம்பர். ஜிடிஏ 6-ஐயும் பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் பெட்டிகளுக்குத்தான் அறிவித்தார்கள். காத்திருக்கத் தெரிந்தால் பிசி, தெரியாவிட்டால் கன்சோல்.

மூன்றாவது, பணம். இங்கே பிசி ஆட்கள் ஒரு ஜாலம் செய்வார்கள், கன்சோல் விலைக்கே பிசி கட்டிவிடலாம் என்று ஒரு பட்டியல் போடுவார்கள், அதில் விண்டோஸ் இருக்காது, மானிட்டர் இருக்காது, கீபோர்டு இருக்காது, கார்டு பழைய சந்தையில் யாரோ விற்றதாக இருக்கும். புதிய பாகங்களில் அதே விலைக்கு அதே திறன் கொண்ட பிசியைக் கட்டுவது கஷ்டம். பெட்டியில் லாபம் பார்க்க வேண்டிய கட்டாயம் கன்சோல் நிறுவனங்களுக்கு இல்லை. எக்ஸ்பாக்ஸ் பெட்டி விற்பனையில் தாங்கள் லாபமே பார்த்ததில்லை என்று 2021-இல் எபிக், ஆப்பிள் வழக்கில் மைக்ரோசாஃப்ட் தரப்பு சாட்சியே சொன்னது. கேம் விற்பனையிலும் சந்தாவிலும் அதை எடுத்துக்கொள்வார்கள். ஆகவே முதல் நாள் செலவு கன்சோலில் குறைவு, பிறகு ஆன்லைன் சந்தாவும் கேம் விலையுமாகச் சிறுகச் சிறுக ஏறும். நீங்கள் வருஷத்துக்கு இரண்டு மூன்று கேம்தான் வாங்குவீர்கள் என்றால் பிசி அந்த வித்தியாசத்தை எட்டிப் பிடிக்கவே ரொம்ப நாள் ஆகும்.

முன்பெல்லாம் காத்திருந்தால் கன்சோல் விலை இறங்கும் என்று சொல்லியிருப்பேன். பிஎஸ்3, பிஎஸ்4 எல்லாம் வயதாக ஆக மலிவாயின. இந்தத் தலைமுறையில் அது தலைகீழ். 2022-இல் சோனி பல நாடுகளில் பிஎஸ்5 விலையை ஏற்றியது, 2025-இல் எக்ஸ்பாக்ஸும் ஏறியது. அதனால் காத்திருந்து லாபமில்லை.

பிற்பாடு, செட்டிங்ஸை நோண்டப் பிடிக்கிறதா, ஸ்கைரிமில் நூறு மாட் போட்டு அதை உடைத்துத் திரும்பச் சேர்ப்பதில் ஒரு கிறுக்கு இன்பம் வருகிறதா, ஸ்ட்ராட்டஜி கேம் பிடிக்கிறதா, அப்போது பிசி கட்டுங்கள். கட்டும்போது இங்கேயே வாருங்கள். ஒரு விஷயம் மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன்: 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி, விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 60-இலேயே விட்டுவிட்டு வருஷக்கணக்கில் விளையாடுகிறவர்கள் ஏராளம். ரேமும் அப்படித்தான், வேகமான ரேம் வாங்கிப் பொருத்திவிட்டு, பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரையில்) ரேமின் முழு வேகத்தைத் திறக்கும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை ஆன் செய்யாமல் விட்டால் அது அடிப்படை வேகத்தில்தான் ஓடும். கன்சோலில் இந்த மாதிரி பொறி குறைவு.

சோபாவாசி:

பிசிக்காரர் கையால் கன்சோல் பரிந்துரை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டேன்.

மவுஸ்பிடி:

வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெட்டியில் வந்த காட் ஆஃப் வாரையும் ஹொரைஸனையும் கோஸ்ட் ஆஃப் சுஷிமாவையும் நான் பிசியில் முடித்துவிட்டேன், என் ஸ்ட்ராட்டஜி கேம்களில் பாதி உங்கள் பெட்டிக்கு வரவே வராது. கணக்கு அப்படித்தான் நிற்கிறது.

புதுவரவு:

சரி, பிஎஸ்5 என்றே வைத்துக்கொள்கிறேன். டிஸ்க் டிரைவ் உள்ளதா, இல்லாததா? விலை வித்தியாசம் இருக்கிறதே.

வட்டுப்பெட்டி:

டிரைவ் உள்ளதை வாங்குங்கள், இதில் விவாதமே வேண்டாம். நண்பர்கள் மூன்று பேர் என்றீர்கள், கதை கேம்களை ஆளுக்கு ஒன்று வாங்கி மாற்றிக்கொண்டால் டிரைவுக்குக் கொடுத்த காசு சீக்கிரம் திரும்பி வந்துவிடும். பணம் இப்போது இடிக்கிறது என்றால் 2023 கடைசியில் வந்த மெலிந்த மாடலின் டிஜிட்டல் பதிப்பை வாங்கிவிட்டு டிரைவைப் பிறகு தனியாகச் செருகலாம், ஆனால் முதல் தடவை செருகும்போது இணையத்தில் இணைத்துப் பதிவு செய்ய வேண்டும். டிஸ்க் ஓட்டும் டிரைவுக்கும் சர்வரிடம் அனுமதி கேட்க வைத்திருக்கிறார்கள், அதைப் பற்றித் தனி இழை தொடங்கியிருக்கிறேன், அங்கே வந்து திட்டலாம்.